காவேரி தாண்டி வந்த பஞ்சாரம்

என் வயதுக்காரர்கள் இதைப் படித்தால் முதலில் சிரிப்பார்கள். கோழிக்குக் கிரகப்பிரவேசம் செய்த வீடு எங்கள் வீடு. நல்ல நேரம் பார்த்து, மாவிலை கட்டி, சாம்பிராணி போட்டுச் செய்தோம். செய்து என்ன, கோழி உள்ளே போகவில்லை.

இத்தனை காலம் கழித்து அது ஏன் ஞாபகம் வந்தது என்றால், புரட்டாசி பிறந்த கையோடு என் மருமகள் நாலு நாட்டுக்கோழி வாங்கி வந்தாள். வலைக்கம்பி போட்ட கூண்டு ஒன்று பார்சலில் வந்து இறங்கியது. பார்க்க ஹோட்டல் ரூம் மாதிரி அவ்வளவு அழகு. பொழுது சாய்ந்தால் கோழிகள் அந்த ஹோட்டலைத் திரும்பியும் பார்க்காமல் என் மகனுடைய ஸ்கூட்டர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டன. காலையில் அவன் சீட்டைத் துடைத்துக்கொண்டே புலம்பும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. நான் நாலாவது படித்த வருஷத்துப் புரட்டாசி அப்படியே கண்முன் வந்து நின்றது.

அப்போது நாங்கள் உறையூரில் பெரியப்பா வீட்டோடு இருந்தோம். அப்பாவுக்கு மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. முதலாளி ஸ்ரீரங்கத்தில் இன்னொரு கடை திறந்து அப்பாவை அங்கே போகச் சொன்னார். காவேரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வந்து குடியிருப்பது அப்பாவுக்கு மோட்சத்துக்குப் போகிற மாதிரி. அம்மாவுக்குத்தான் மனசே இல்லை.

"நான் வரணும்னா என் கோழியும் வரும்" என்று சொல்லிவிட்டாள்.

நாலு பெட்டை, ஒரு சேவல். அதில் மூத்த கோழியைப் 'பெரியவ' என்போம். நரைத்த பழுப்பு நிறம், நடையே ஒரு அதிகாரம். இன்னொன்று உடம்பெல்லாம் புள்ளி போட்டது. அது என் உள்ளங்கையில் வைத்தால்தான் அரிசி கொத்தும். அதை என் கோழி என்றே எல்லோரும் சொல்வார்கள்.

புது வீட்டுக்குப் பழைய தொடைப்பம் எடுத்துப் போகக் கூடாது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாமி விஷயத்தில் அப்பா எதையும் கொஞ்சம் கூடுதலாகவே செய்வார். தொடைப்பத்தோடு பழைய முறத்தையும், கோழி அடைகிற பஞ்சாரத்தையும் சேர்த்துக்கொண்டார். பஞ்சாரம் தெரியுமல்லவா? மூங்கில் சிம்பில் பின்னி, பெரிய பானையைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். எங்கள் பஞ்சாரம் கறுத்து, மழமழவென்று, இண்டு இடுக்கெல்லாம் இறகு சொருகிக் கிடக்கும்.

"பழசெல்லாம் வேண்டாம். நான் அதுங்களுக்குப் புதுசா வீடே கட்டித் தரேன்" என்றார் அப்பா. பஞ்சாரம் பெரியம்மாவிடம் தங்கிவிட்டது.

டவுன் பஸ்ஸில்தான் கோழிகளைக் கொண்டு வந்தோம். கூடையில் வைத்து மேலே அம்மாவின் பழைய புடவையைச் சுற்றியிருந்தோம். கண்டக்டர் கூடையைக் காட்டி, "உள்ள என்ன சார்?" என்றார்.

"பூசணிக்கா. புது வீட்டுக்குப் போறோம்" என்றார் அப்பா.

பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியதும் குளிர்ந்த காற்று அடித்தது. புடவைக்குள்ளிருந்து சேவல் நீட்டி முழக்கி ஒரு கூவல் போட்டது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"சார், உங்க பூசணிக்கா கூவுது சார்" என்றார் கண்டக்டர். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். வீடு மாறுகிறோம் என்ற வருத்தத்தில் இருந்தவள் அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

காவேரிக் கரை அம்மா மண்டபம் போகிற வழியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டு எங்களுக்கு. முன்கட்டில் வீட்டுக்காரர் மாமாவும் மாமியும். பிள்ளைகள் வெளியூரில். மாமா பெரிய ஆசாரம். விடியும் முன்னே எழுந்து ஸ்நானம், பிறகு பெருமாள் ஆராதனை, பிறகு கோயிலில் கோஷ்டியோடு நின்று பாசுரம். கொல்லையில் எங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவாக ஒரு கிணறு, கிணற்றடியில் ஒரு பவழமல்லி மரம்.

கூடையைத் திறந்ததும் சேவல் இறங்கி, சிறகை உதறிக்கொண்டு மாமாவின் எதிரில் போய் நின்றது.

"கோழி இருக்குன்னு நீர் சொல்லவேயில்லையே?" என்றார் மாமா.

"சின்னக் கோழிங்கதான் சாமி" என்றார் அப்பா. வேறு என்ன சொல்வார்!

மாமாவுக்கு மனம் கோணாமல் இருக்க வேண்டுமென்று அப்பா ஒரு காரியம் செய்தார். ஜவுளி வந்த பலகைப் பெட்டிகளைப் பிரித்து, மேலே தகரம் அடித்து ஆளுயரக் கூண்டு கட்டினார். சுற்றிலும் சுண்ணாம்பு அடித்து அதன்மேல் கோயில் மதில் மாதிரி காவிப் பட்டை போட்டார். கதவில் மாவிலை, வாசலில் அம்மா போட்ட இழைக்கோலம். நல்ல நேரம் பார்த்து, உள்ளே சாம்பிராணி புகை போட்டுக் கோழிகளை ஒவ்வொன்றாக விட்டோம். பெரியவள் தும்மிக்கொண்டே வெளியே வந்தாள். பின்னாலேயே மற்றவையும் வந்து, கோலத்தின் அரிசி மாவை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் கொத்தித் தின்றன. அவ்வளவுதான் கிரகப்பிரவேசம்.

காவேரியில் குளிக்க வந்த வெளியூர் அம்மாள் ஒருத்தி தண்ணீர் கேட்டுக் கொல்லைக்கு வந்தாள். கூண்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இது எந்தச் சாமிங்க?" என்றாள்.

"சாமியெல்லாம் அதோ மரத்து மேல உக்காந்திருக்குங்க" என்றாள் அம்மா.

மரத்து மேலேதான். முதல் நாள் சாயங்காலமே பெரியவள் கிணற்றுச் சுவரில் தாவி, அங்கிருந்து பவழமல்லிக் கிளைக்குப் பறந்தாள். மற்றவை வரிசையாகப் பின்னால். அப்பா ஏணி போட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கூண்டில் விடுவார். மறுநாள் பொழுது சாயும்போது மறுபடி மரம்.

"உறையூர்க் கோழிதானே? வெட்டவெளியில உக்காந்திருக்கற நம்ம வெக்காளியம்மன் மாதிரி அதுங்களுக்கும் கூரை ஆகாது போல" என்று அம்மா கிண்டல் செய்தாள். அப்பாவுக்குக் கோபம். அம்மனைக் கோழியோடு சேர்த்துப் பேசலாமா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சிரிப்பாக இருந்தது வினையாக வந்தது பவழமல்லியால்தான். மற்ற பூவெல்லாம் தரையில் விழுந்தால் சாமிக்கு ஆகாது. பவழமல்லி ஒன்றுதான் தரையிலிருந்து எடுத்துச் சாத்தலாம். விடியும்போது மரத்தடியில் வெள்ளையும் பவழக் காம்புமாகக் கொட்டிக் கிடக்கும். மாமா வேறு யாரையும் தொட விடமாட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பூவாக எடுத்து, முகத்துக்கு அருகில் கொண்டுபோய், பிறகு குடலையில் போடுவார். அப்படி நெடுநேரம்.

அதைப் பார்த்து அம்மா அப்பாவிடம் கிசுகிசுப்பாள். "ஆசாரம் ஆசாரம்னு வாய் ஓயல. சாமிப் பூவை மோந்து பாக்கறாரே, அது மட்டும் சரியா?"

"பெரியவங்க. நமக்கெதுக்கு?" என்பார் அப்பா. ஆனால் அவருக்கும் அது ஒரு குறைதான். சாமிக்கு வைக்கிற பூவை முகரக் கூடாது என்று எனக்குத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தவர் அல்லவா!

ஒரு நாள் காலையில் மாமா குடலையோடு எங்கள் கதவுக்கு வந்தார். பின்னால் மாமி. குடலையில் பூவோடு பூவாகக் கோழி எச்சம் இருந்திருக்கிறது. பெருமாளுக்குச் சாத்துவதற்குள் மாமி பார்த்துவிட்டாள். மாமா குடலையை அப்பாவிடம் நீட்டிக் காட்டினார்.

"புரட்டாசி மாசம். பெருமாள் மாசம். என் கையாலயே இதை எடுத்து... வேண்டாம். நீர் நல்லவர், உம்மைக் காலி பண்ணச் சொல்லலை. கோழி மரத்தை விட்டு இறங்கணும். இல்லைன்னா கோழி இந்தக் கொல்லையை விட்டுப் போகணும்."

அப்பா கை கட்டி நின்று, "புரட்டாசி முடியறதுக்குள்ள சரி பண்ணிடறேன் சாமி. முடியலன்னா ஐப்பசி ஒண்ணாந்தேதி கறிக்கடையில கொடுத்துடறேன்" என்றார். புரட்டாசியில் நம் ஜனங்கள் கவுச்சி தொடுவதில்லை. கடைக்காரரே கோழி வாங்க மாட்டார். ஆக, என் புள்ளிக்கோழியின் உயிர் புரட்டாசி முடிகிற வரைக்கும்.

மாமா போன பிறகு அம்மா முணுமுணுத்தாள். "எச்சத்தையும் பூவையும் பிரிச்சு எடுக்கத் தெரியாதா? கண்ணை எங்க வச்சிருந்தாராம்?"

நான் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. புள்ளிக்கோழியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அது என் பாவாடையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைக் கொத்திக்கொண்டிருந்தது.

அப்பாவுக்குத் திசை மேல் சந்தேகம். கூண்டு மேற்குப் பார்த்து இருந்தது. கிழக்காகத் திருப்பினார், கோழி மரத்தில். வடக்காகத் திருப்பினார், அப்போதும் மரத்தில். மிச்சம் தெற்கு.

"தெக்கு பாக்க வைக்கலாமாங்க?" என்று அம்மா பயந்தாள்.

"இந்த ஊர்ல தெக்கு தோஷமே கிடையாது. பெருமாளே தெக்கு பாத்துத்தான் படுத்திருக்காரு" என்று அப்பா கூண்டைத் தெற்காகத் திருப்பினார். பெரியவள் மரத்திலிருந்து கழுத்தைச் சாய்த்து அதையும் பார்த்தாள்.

கதவைத் தாழ்போட்டு அடைத்தும் பார்த்தோம். சேவல் பலகையில் முட்டிக் கத்திய கத்தலில் மாமாவின் ஆராதனை நடுவில் நின்றது. அப்பாவே ஓடிப்போய்த் திறந்துவிட்டார்.

ஒரு மத்தியானம் மாமி கிணற்றடிக்கு வந்தாள். அம்மா சோர்ந்துபோய்த் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மாமி எங்களிடம் அதிகம் பேசினதில்லை. அன்றைக்குத் தானாகவே கேட்டாள்.

"ஏண்டிம்மா, உறையூர்ல அதுகள் எதுல படுத்துண்டது?"

"பஞ்சாரத்துல மாமி."

"அது எங்கே?"

"பழசைக் கொண்டு வரக் கூடாதுன்னு அவரு விட்டுட்டு வந்துட்டாரு."

மாமி வாளியைக் கீழே வைத்தாள். "சரியாப் போச்சு! நான் இந்தாத்துக்கு வந்த புதுசுல எத்தனையோ நாள் தூக்கமே இல்லை. இவர் கட்டில் வாங்கிப் போட்டார், மெத்தை தெச்சுப் போட்டார், ஊஹூம். எங்கம்மா ஆத்துக் கோரைப்பாய் வந்து சேர்ந்த அன்னிக்குத்தான் கண்ணை மூடினேன். மனுஷாளுக்கே அப்படின்னா வாயில்லா ஜீவனுக்கு?"

அம்மா துவைப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் அந்த வீட்டில் தூக்கம் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எடுத்துண்டு வந்துட வேண்டியதுதானே?" என்றாள் மாமி.

"அவரு ஒத்துக்க மாட்டாரு மாமி. பழசு உள்ள வந்தா வீட்டுக்கு ஆகாதும்பாரு."

"அதுக்கு நான் ஆச்சு."

அடுத்த சனிக்கிழமை, "உறையூர் நாச்சியாரைச் சேவிச்சுட்டு வரேன், துணைக்குக் குழந்தையை அழைச்சுண்டு போறேன்" என்று மாமாவிடம் சொல்லிவிட்டு மாமி என்னோடு பஸ் ஏறினாள். சேவிக்கவும் செய்தாள், பொய்யில்லை. பிறகு எங்கள் பெரியப்பா வீடு. மடிசார் கட்டிய மாமி வந்து நின்றதும் பெரியம்மா பதறிப்போனாள். விஷயம் தெரிந்ததும் பதற்றம் போய்க் குறும்பு வந்துவிட்டது.

"பழசு ஆகாதுன்னு உங்கப்பா என்ன பேச்சுப் பேசினாரு! இப்ப அந்தப் பழசுக்கே தூது வருதா?"

பஞ்சாரத்தை வற்றல் காய்கிற முறத்துக்கு மேல் காக்காய்க்குப் பயந்து கவிழ்த்து வைத்திருந்தாள். அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, "கொழுந்தனாரைக் கேட்டதாச் சொல்லு. தொடைப்பமும் இருக்கு, அதுவும் வேணுமான்னு கேளு" என்றாள்.

திரும்புகிற பஸ்ஸில் பஞ்சாரம் மாமியின் மடியில். மாமியின் முகம் பாதி மறைந்திருந்தது. வந்த கண்டக்டர் எங்கள் பூசணிக்காய் கண்டக்டரேதான். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்ன மாமி, பஞ்சாரம் மட்டும் போகுது? கோழி எங்க?"

"கோழி முன்னாலேயே போயாச்சுப்பா. அதுகளோட ஆம்தான் பின்னால போறது" என்றாள் மாமி. கண்டக்டர் முழித்தார். "வீடுப்பா, வீடு" என்றாள்.

வீட்டுக்கு நேராகப் போகவில்லை. அம்மா மண்டபப் படித்துறையில் இறங்கினாள். காவேரி படி தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாமி புடவையோடு ஒரு முழுக்குப் போட்டாள். பஞ்சாரத்தை மட்டும் நனைக்கவில்லை, உள்ளங்கையில் தீர்த்தம் எடுத்து அதன் தலையில் தெளித்தாள்.

"முக்கினா வாசனை போயிடும். அப்புறம் அதுகளுக்கு அடையாளம் தெரியாது" என்றாள். எனக்கு இன்றைக்கும் அந்தச் சமயோசிதம் ஆச்சரியம்தான்.

அப்பா பஞ்சாரத்தைக் கண்டதும் முகம் சுளித்தார். ஈரப்புடவையோடு மாமி நின்று சொன்னாள்.

"காவேரியைத் தாண்டி, காவேரித் தீர்த்தமும் பட்டாச்சு. இனிமே அது பழசில்லை, புதுசு. இல்லைன்னு நீங்க சொன்னா, காவேரியைக் குறை சொன்னதா ஆகும்."

அப்பா காவேரியைக் குறை சொல்வாரா? இரண்டு கையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் பஞ்சாரத்தைக் கிணற்றடியில் வைத்து, உறையூரில் வைக்கிற மாதிரி ஒரு பக்கம் செங்கல் கொடுத்துத் தூக்கிவிட்டாள் அம்மா. பெரியவள் கிணற்றுச் சுவருக்குத் தாவப் போனவள் நின்றாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், மறு பக்கம் சாய்த்தாள். பஞ்சாரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு, ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவள் மாதிரி, தொண்டைக்குள் ஏதோ பேசிக்கொண்டே குனிந்து உள்ளே போனாள். என் புள்ளிக்கோழி அவள் பின்னால். எல்லாம் போய், கடைசியில் சேவல். அம்மா செங்கல்லை உருவினாள். ஒரு சத்தம் இல்லை.

அப்பா, "கோவிந்தா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார்.

பிறகு பஞ்சாரத்தைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூண்டுப் பக்கம் நகர்த்தினோம். கடைசியில் கூண்டுக்குள்ளேயே வைத்தோம். கோழியும் அதைத் தேடிக்கொண்டு கூண்டுக்குள் போயிற்று. தெற்குப் பார்த்ததால்தான் போயிற்று என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி முதல் நாள் விடியலில் நான் கொல்லையில் இருந்தேன். மாமா குடலையோடு வந்து மரத்தடியில் உட்கார்ந்தார். எடுக்குமுன் தரையை உள்ளங்கையால் மெதுவாக ஒரு தடவு தடவினார். பிறகு இன்னொரு தடவை. "தரை நன்னா சுத்தமா இருக்கே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கூண்டுக்குள்ளிருந்து சேவல் கூவியது. மாமா தலையை நிமிர்த்தி, முன்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏண்டி, கோழி இருக்கட்டும்னு அவர்கிட்ட சொல்லிடு. சேவல் கூவறதால கடிகாரம் பார்க்க வேண்டியிருக்கலை."

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்றைக்குக் கோழிகளுக்குக் கம்பு போட்டாள். நாங்கள் அந்த வீட்டில் வெகு காலம் இருந்தோம். மாமா அதன் பிறகும் ஒவ்வொரு பூவையும் முகத்தருகே கொண்டுபோய்த்தான் குடலையில் போட்டார். அம்மாவும் அதைச் சொல்லிச் சிரிப்பதை விடவில்லை. கூண்டு மக்கிப் போயிற்று. அந்தப் பஞ்சாரம் எந்த வீடு மாறும்போது எங்கே போயிற்று என்று இப்போது யாருக்கும் தெரியாது.

பெருமாள் புண்ணியத்தில் எனக்கு ஸ்ரீரங்கத்திலேயே வாழ்க்கை அமைந்தது. என் கொல்லையிலும் ஒரு பவழமல்லி வைத்திருக்கிறேன். மருமகளின் கோழிகள் ஸ்கூட்டரை விட்டு அந்த மரத்துக்கு மாறியபோது, நான் வாய் திறப்பதற்குள் அவளே ஒன்று செய்தாள். கோழிகள் வந்து இறங்கின பழைய அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்துக் கூண்டுக்குள் வைத்தாள். எங்கே தெரிந்துகொண்டாள் என்று கேட்டேன். "தோணுச்சு அத்தை. நான் இங்க வந்தப்ப என் தலகாணியத் தூக்கிட்டு வந்தேன்ல?" என்றாள். அவை இப்போது கூண்டில்தான் அடைகின்றன.

எனக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. தை பிறந்ததும் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இன்று காலை மரத்தடியில் உட்கார்ந்து பூப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றை எடுத்து முகத்தருகே கொண்டுபோனேன். பின்னாலிருந்து மருமகள் கேட்டாள்.

"அத்தை, சாமிப் பூவை மோந்து பாக்கலாமா?"

கையில் பூவோடு அப்படியே இருந்துவிட்டேன். அம்மாவின் அதே வார்த்தை. மாமா ஒரு நாளும் பூவை முகரவில்லை. கண் சரியாகத் தெரியாமல், பூவா, எச்சமா என்று பார்த்திருக்கிறார். தரையைத் தடவியதும், கோழி இருக்கட்டும் என்றதும் அதனால்தான். வெளியே சொன்னால், "நீங்க உக்காருங்கோ, பூவை வேற யாராவது எடுக்கட்டும்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து மறைத்திருக்கிறார். மாமிக்கு மட்டும் தெரிந்திருக்கும். அவள் காவேரியைத் தாண்டிப் பஞ்சாரம் சுமந்து வந்தது கோழிக்காக இல்லை. நாங்கள் அவரைப் போய் என்னவெல்லாம் நினைத்தோம்!

மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. "மோந்து பாக்கலம்மா. பூதானான்னு பாக்கறேன். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்றேன்.

அவள் வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். குடலையை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். வாங்கவில்லை. தரையைக் குனிந்து ஒரு முறை நன்றாகப் பார்த்தாள்.

"கோழியெல்லாம் ராத்திரி கூண்டுலதான் இருந்துச்சு அத்தை. தைரியமாப் பொறுக்குங்க. வெள்ளையா இருக்கறதெல்லாம் பூதான்" என்றாள்.